நாக்கில் வைத்த வெல்லம்

காமயகவுண்டன்பட்டி
9.12.1979

சிஸ்டர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் டாக்டருக்கும் வேண்டாம், கூட வேலை பார்க்கிற சிஸ்டர்களுக்கும் வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். நான் உங்களுக்கு எழுதினேன் என்று எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு, வெல்ல மூட்டை அடுக்கி வைத்திருக்கும் அறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

நான் சொர்ணலதா. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். கம்பத்தில் வெல்ல மண்டி வைத்திருக்கும் பொன்னுராஜ் என் அப்பா. ஆடி மாதம் அவருடன் தேனிக்கு வந்தேன். ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் பெஞ்சு போட்டு, சீனி வியாதிக்காரர்களை உட்காரவைத்து நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொருவரிடமும் "இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டீர்கள். எனக்கு அது புதுமையாக இருந்தது. இவ்வளவு அன்பாக ஒரு நர்ஸ் பேசி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இப்போது உங்கள் மேல் இவ்வளவு கோபம்.

அப்பா அன்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். வெல்லம் வாங்குகிறவர் உருண்டையை உடைத்து நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். விழுங்கினால் சரக்கு நல்லது, துப்பினால் மட்டம். விவசாயி எதிரிலேயே நிற்பார். அதனால் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வருகிறதோ அத்தனை முறை விழுங்கித்தான் ஆக வேண்டும் என்றார். விழுங்காமல் துண்டில் துடைத்துக்கொள்ளலாமே என்று பெஞ்சில் யாரோ சொன்னார்கள். அதை யாராவது பார்த்துவிட்டால் என்று அப்பா கேட்டார். அப்போது நீங்கள் சொன்னீர்கள்: "ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். 'எனக்குச் சீனி வியாதி, அதனால் விழுங்கவில்லை' என்று. சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும்."

ஐப்பசியில் அது நடந்தது. ஒச்சாண்டி என்கிற விவசாயி அப்பா துண்டில் துடைத்ததைப் பார்த்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, என் வெல்லத்தத் துப்புறீக? நான் சுண்ணாம்பக் கொட்டியா காய்ச்சுனேன்?" என்று மண்டியே அதிரக் கத்தினாராம். அப்பா நீங்கள் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னார். பிறகு ஒருத்தர் சொன்னாராம்: "அப்ப அண்ணாச்சி நாக்குக்கு வேப்பங்கொட்டையும் வெல்லமாத்தான இருக்கும்!" இன்னொருத்தர்: "வயித்துக்குள்ளயே கரும்பால போட்டுக் காய்ச்சுறாரு. வெளிச் சரக்கு அவருக்கு எதுக்கு?"

பாரம் இறங்கவில்லை சிஸ்டர். சீனி வியாதிக்காரன் நாக்கை நம்பி யார் விலை பேசுவார்கள்? வண்டிகளெல்லாம் எதிர்த்த கர்ணன் மண்டிக்குப் போகின்றன. அக்காவைப் பெண் கேட்டிருந்த உத்தமபாளையத்துக்காரர்கள், "வம்சத்துல இருக்கிற நோவு, பொண்ணுக்கும் வரும்" என்று ஆள் அனுப்பி, வேண்டாம் என்றுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா தேனிக்கு வந்து உங்களிடம் சத்தம் போட்டது.

இப்போது அவர் மாத்திரை சாப்பிடுவதில்லை. வியாதியெல்லாம் பொய், டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று மண்டியில் சொல்லிக்கொண்டு, எல்லோரும் பார்க்க முன்னைவிடப் பெரிய துண்டாக வாயில் போட்டு விழுங்குகிறார். விடியற்காலையில் அங்கணத்தில் அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது. வேலைக்கு வரும் ராக்கம்மாள் பார்த்துவிட்டால் தெருவுக்கே சொல்லிவிடுவாள். அதனால் தினமும் நான் முதலில் எழுந்து அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு மூடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவர் தூர எறிந்த மாத்திரைகளைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். பொடித்து, அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கலாமா?

பதிலை எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் கஸ்தூரியம்மாள் பேருக்கு அனுப்புங்கள். உறையைப் பிரிக்காமல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சொர்ணலதா

*

தேனி
14.12.1979

அன்புள்ள லதா,

உன் கடிதம் யார் கைக்கும் போகாது. நம்பு.

மாத்திரையைக் குழம்பில் கலக்காதே. ஒருபோதும் செய்யாதே. மாத்திரை உள்ளே போன நாளில் அவர் மண்டி வேலையில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால், வேர்த்து, கை நடுங்கி, ரோட்டிலேயே விழுந்துவிடுவார். ஏன் விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. அவர் உடம்பை அவருக்குத் தெரியாமல் நீ நடத்த முடியாது. இந்த வியாதியில் வைத்தியம் பார்க்கிறவர் நோயாளிதான். நாங்கள் கூட இருக்கிறவர்கள், அவ்வளவே.

உன் அப்பா முதல் சனிக்கிழமை வந்தபோது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது வாரம் அவர்தான் அதிகம் பேசினார். காப்பியில் சீனி இல்லாமல் குடிப்பதைப் பற்றி, "மாமியா வீட்டுல மருமகன் இல்லாம விருந்து வச்ச மாதிரி" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். அந்த மனிதரே பிறகு வார்டு வாசலில் நின்று, "ஊசி போடுறதுக்குச் சம்பளம் வாங்குற, ஊர்க்கத பேசி எங் குடியக் கெடுத்துட்டியே" என்று கத்தினார். இருபது வருஷ வேலையில் என்னை யாரும் அப்படிப் பேசியதில்லை. டாக்டர் அன்றே பெஞ்சை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. ஆனால் இப்போது ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள், அவர்களும் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்கள்.

நான் சொல்லச் சொன்னது தவறில்லை என்று இன்னும் நினைக்கிறேன். யாரிடம், எங்கே என்று யோசிக்காமல் சொன்னதுதான் தவறு. உங்கள் பஜாரில் நான் ஒரு நாளும் நின்றதில்லை.

இப்போது நீ செய்யக்கூடியது கொஞ்சம்தான். அவரை அதட்டாதே, அழாதே, "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கேட்காதே. அந்தக் கேள்விக்கு எல்லோரும் பொய்தான் சொல்வார்கள். "இன்றைக்கு எது கஷ்டமாக இருந்தது?" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. அதுதான் கடினம்.

டீச்சர் பேருக்கு ஒரு பொட்டலமும் அனுப்புகிறேன். சிறுநீரில் சீனி பார்க்கிற நீல மருந்து, இரண்டு கண்ணாடிக் குழாய், சொட்டுவிடும் குழாய் இருக்கும். எப்படிச் சோதிப்பது என்று அவருக்கே தெரியும், பெஞ்சில் கற்றுக்கொண்டவர். அவராகக் கேட்டால் மட்டும் கொடு.

அவர் பாதங்களைப் பார்த்துக்கொள். வெறுங்காலோடு நடக்கவிடாதே.

ஞானசெல்வி

*

காமயகவுண்டன்பட்டி
20.12.1979

சிஸ்டர்,

வெறுங்காலோடு நடக்கவிடாதே என்று நீங்கள் எழுதிய கடிதம் என் கைக்கு வந்த அன்று சாயங்காலமே அது நடந்துவிட்டது.

மண்டிக்கு வண்டி வராததால் அப்பா இப்போது தோட்டந்தோட்டமாக ஆலைக்குப் போகிறார். ஆலை என்றால் கரும்புச் சாறு காய்ச்சுகிற கொட்டகை. கொப்பரை இறங்குகிற இடத்திலேயே விலை பேசினால் கர்ணனுக்கு முந்திவிடலாம் என்று கணக்கு. ஆலைக்குள் யாரும் செருப்புப் போட்டுப் போகமாட்டார்கள். லட்சுமி கொதிக்கிற இடம். போட்டால் பாகு பதம் வராது என்பார்கள். அப்பா அங்கே நின்று பாகைச் சுவைத்து, ஒச்சாண்டியிடம் பேசிக்கொண்டிருந்தாராம். "அண்ணாச்சி, ஏதோ தோல் கருகுற வாட அடிக்குதே" என்று ஒச்சாண்டி குனிந்து பார்த்திருக்கிறார். அப்பாவின் வலது காலுக்கடியில் சக்கை நெருப்பு. கங்கின் மேல் நின்றுகொண்டுதான் விலை பேசியிருக்கிறார். அவருக்குத் தெரியவே இல்லை.

ஒச்சாண்டிதான் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். "ஆத்தா, உங்கப்பனுக்கு மனசு இரும்பு. முகத்துல ஒரு சுளிப்பு இல்ல பாரு" என்று என்னிடம் சொன்னார். அப்பாவும் சிரித்தார். இப்போது தெருவில் எல்லோரும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். வியாதிக்காரன் கங்கில் நிற்பானா என்று கேட்கிறார்கள். சிஸ்டர், அவருக்கு இது பிடித்திருக்கிறது. இழந்த பெயரில் கொஞ்சம் திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கிறார். காலில் கொப்புளம் உடைந்து நீர் வடிகிறது. அம்மா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைத்துக் கட்டுகிறாள்.

உங்கள் கேள்வியையும் கேட்டேன். "இன்னைக்கு எதுப்பா கஷ்டமா இருந்துச்சு?" என்றேன். என்னை உற்றுப் பார்த்தார். "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்று ஓடிவந்துவிட்டேன்.

நீங்கள் கேள்வி சொல்லிக் கொடுத்துவிட்டு அங்கே நிம்மதியாக இருக்கிறீர்கள். பெஞ்சு இருக்கிறதா இல்லையா என்பதுதான் உங்கள் கவலை. இங்கே அக்கா சாப்பிடுவதில்லை. யாரும் வராத மண்டியில் அப்பா தராசைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்க்கிறேன். உங்களுக்கு அதெல்லாம் தெரியாது. கோபமாக எழுதிவிட்டேன். கோடு போட்டு அடித்தால் அசிங்கமாக இருக்கும், அப்படியே விட்டுவிடுகிறேன்.

அந்தப் புண்ணுக்கு என்ன செய்ய?

சொர்ணலதா

*

தேனி
27.12.1979

அன்புள்ள லதா,

நிம்மதியாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். கிறிஸ்துமஸ் அன்று கோவிலில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கவில்லை, ஒருத்தர் காலை நினைத்துக்கொண்டிருந்தேன். போகட்டும்.

அது மன உறுதி இல்லை. இந்த வியாதி பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிடுகிறது. உங்கள் தெரு பெருமைப்படுவது அதைப் பார்த்துத்தான். அவரிடம் இப்படி முகத்துக்கு நேரே சொல்லாதே. இருக்கிற ஒரே பெருமையைப் பிடுங்கினால் காலை யாருக்கும் காட்டமாட்டார்.

மஞ்சள், எண்ணெய் இரண்டையும் நிறுத்து. கொதிக்கவைத்து நன்றாக ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டுக் கழுவு. சூடு அவருக்குத் தெரியாது, அதனால் உன் கையை முதலில் விட்டுப் பார். வெள்ளைத் துணியைக் காய்ச்சிக் காயவைத்துக் கட்டு. இதெல்லாம் புண் பெருகாமல் தள்ளிப்போடத்தான். அவர் இங்கே வந்தே ஆக வேண்டும்.

கேள்வியை மறுபடி கேள். காலைக் கழுவும்போது கேள். முகம் பார்த்துக் கேட்டால்தான் பயம். தலையைக் குனிந்துகொண்டு கேட்டால் மனிதர்கள் பதில் சொல்வார்கள். "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றால் என் பேரைச் சொல்லிவிடு. திட்டு எனக்கு விழட்டும்.

ஞானசெல்வி

*

காமயகவுண்டன்பட்டி
9.1.1980

சிஸ்டர்,

உங்கள் பேரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காலைக் கழுவுகிறேன். புது வருஷம் பிறந்த இரண்டாம் நாள் குனிந்துகொண்டே கேட்டேன். புண்ணைக் கழுவி முடித்தேன். பிறகு, "நாக்குத்தான்" என்றார். "நாப்பது வருசமா இந்த நாக்கு சொன்னதுதான் வெல. எங்கப்பாரு செத்தன்னைக்குக்கூட மண்டிக்கு வந்து ருசி பாத்துட்டுத்தான் பொணத்த எடுத்தேன். இன்னைக்கு ஒரு பொடியன், 'பெரிசு, சும்மா மென்னு பாரு, வெலைய நாங்க அங்கன பேசிக்கிறோம்'ங்கிறான்." அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், நீங்கள் சொன்ன மாதிரி. அவர் அழுதாரா என்று தெரியாது, நான் நிமிரவில்லை.

மறுநாள் அவராகவே, "அந்த நர்ஸம்மா நீல மருந்து குடுத்து விட்டுச்சா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். அம்மா கோவிலுக்குப் போயிருந்தபோது இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து சோதித்தோம். நீலம் பச்சையானது, மஞ்சளானது, செங்கல் நிறத்தில் போய் நின்றது. அப்பா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ம்ம். பாகு முத்திப்போச்சு. இது கர்ணன் மண்டிச் சரக்கு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அன்று ராத்திரி என்னிடமே மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பொங்கல் கழிந்ததும் தேனிக்குப் போகலாம் என்றார்.

அந்தச் சந்தோஷத்தோடு நிறுத்திக்கொள்ள ஆசைதான். நேற்று அக்காவைக் கேட்டு வந்துவிட்டார்கள். போடியில் இரும்புக் கடை வைத்திருக்கும் வைகுண்டராஜ் என்பவரின் மகன். அவர்களுக்கு உத்தமபாளையத்துக் கதை தெரியாது. தை பதினொன்று வெள்ளிக்கிழமை நிச்சயம். அம்மா எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள்: "அதுவரைக்கும் இந்த வீட்டுல யாருக்கும் ஒரு நோவும் கெடையாது. ஆஸ்பத்திரி பஸ்ஸுல அவுக ஏறுனத ஒருத்தன் பாத்தாலும் போச்சு. அன்னத்தாய் இன்னொரு தடவ தாங்க மாட்டா." அன்னத்தாய் அக்கா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா என்னைப் பார்த்தார். "சரி, முடியட்டும்" என்றார்.

மாத்திரையையும் அம்மா எடுத்து ஒளித்துவிட்டாள், வந்தவர்கள் கண்ணில் படுமாம். புண் விரல் பக்கம் கொஞ்சம் கறுத்த மாதிரி இருக்கிறது.

போடியிலிருந்தும் உங்கள் பெஞ்சுக்கு ஆட்கள் வருவார்கள் அல்லவா? வைகுண்டராஜ் வீட்டாரை உங்களுக்குத் தெரியுமா? எப்படிப்பட்டவர்கள்? விஷயம் தெரிந்தால் இவர்களும் போய்விடுவார்களா? எனக்கு இது ஒன்று தெரிந்தால் போதும்.

சொர்ணலதா

*

தேனி
15.1.1980

அன்புள்ள லதா,

கறுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். பொங்கலும் நிச்சயமும் காலுக்குத் தெரியாது. உடனே கூட்டிக்கொண்டு வா. நான் ஆஸ்பத்திரி ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று இரண்டு முறை கிளம்பினேன். வாசலில் ஜீப் நின்றால் அவர் அதில் ஏறமாட்டார், அதற்குப் பிறகு எதிலும் ஏறமாட்டார். அதனால் வரவில்லை. இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்ட குடும்பத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது. என்னிடம் வருகிறவர், வராதவர், யாரைப் பற்றியும் இனி நான் வாய் திறப்பதாக இல்லை. உன் அப்பா விஷயத்தில் ஒருமுறை பட்டது போதும். உன் கடிதத்தை யாருக்கும் காட்டமாட்டேன் என்று உனக்குச் சொன்ன அதே வாக்கை மற்றவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன். என்மேல் கோபப்படுவாய். படு.

இவற்றை மனதில் வைத்துக்கொள்: காய்ச்சல், குளிர், புண்ணில் துர்நாற்றம், காலில் மேல்நோக்கிச் சிவப்பு ஏறுவது, பேச்சுக் குழறுவது. இதில் ஒன்று வந்தாலும் எந்த நேரமானாலும், யார் வீட்டில் இருந்தாலும் கிளப்பிக் கொண்டுவா. அன்று யாரிடமும் அனுமதி கேட்காதே.

ஞானசெல்வி

*

காமயகவுண்டன்பட்டி
25.1.1980, இரவு

சிஸ்டர்,

நிச்சயம் முடிந்துவிட்டது. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

அப்பாவுக்குக் காலையிலேயே காய்ச்சல். அம்மா புண்ணைச் சுற்றி அத்தர் தடவினாள், வாடை தெரியாமல் இருக்க. அதற்கு மேல் என் கான்வாஸ் ஷூவின் முன்பக்கத்தை வெட்டிப் போட்டுவிட்டாள். வேட்டியை இறக்கிக் கட்டச் சொன்னாள். வந்தவர்கள் கேட்டால், "கால்ல ஆணி, டாக்டர் ஷூ போடச் சொல்லியிருக்காக" என்று சொல்வதாக ஏற்பாடு. யாரும் கேட்கவில்லை.

தாம்பூலம் மாற்றியதும் எங்கள் வழக்கப்படி சம்பந்திகள் ஒருவர் வாயில் ஒருவர் இனிப்பு வைக்க வேண்டும். மண்டி வீடு என்பதால் தட்டில் சீனி இல்லை, வெல்லம். அப்பா தன் கையால் ஓர் உருண்டையை உடைத்து வைகுண்டராஜ் வாயில் வைத்தார். அவர் பெரிய துண்டாக எடுத்து அப்பா வாயில் வைத்தார். நான் நடுவில் போய், "அப்பாவுக்கு வேண்டாம்" என்று கத்தியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நீங்கள் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்த அந்த ஒரு வரி என் வாயிலும் வரவில்லை. அப்பா சப்பிக்கொண்டே, "நம்ம ஒச்சாண்டி ஆலச் சரக்கு, சம்பந்தி. எப்படி?" என்றார். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். கஷாயம் குடிக்கிற மாதிரி. எனக்கு அப்போது புரியவில்லை.

சாயங்காலம் பாத்திரம் கழுவப் புழக்கடைக்குப் போனேன். முருங்கை மரத்தடியில், சுவர் ஓரமாக, எறும்பு.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அப்பா அங்கே போவதில்லை, புழக்கடைப் படி இறங்க அவர் காலால் முடியாது, அங்கணத்தோடு சரி. மற்ற ஆம்பிளைகளெல்லாம் வாய்க்கால் பக்கம் போனார்கள். முருங்கையடிக்குப் போனவர் ஒருவர்தான். சாப்பாட்டுக்கு முன்னால் போனார், பிறகு போனார், தாம்பூலம் மாற்றியதும் மறுபடி போனார். "சம்பந்திக்குத் தண்ணி ஒத்துக்கல போல" என்று அம்மாகூடச் சிரித்தாள்.

சாம்பலை அள்ளிப் போட்டு மூடினேன் சிஸ்டர். பழக்கம். யாருக்காக மூடுகிறேன் என்று நினைத்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

உங்களுக்குத் தெரியும். நீங்கள் "தெரியாது" என்று எழுதவில்லை. "சொல்ல முடியாது" என்று எழுதினீர்கள். அவர் உங்கள் பெஞ்சில் உட்காருகிறவர். அங்கே அவர் துண்டால் முகத்தை மூடிக்கொள்வாரா, இல்லை சிரிக்கச் சிரிக்கப் பேசுவாரா? அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே நோய் என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் அப்பா பத்து நாளைக்கு முன்னாலேயே பஸ் ஏறியிருப்பார். எழுதினால் அவருக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். எழுதாததால் எனக்கு அப்பா போய்விடுவார். நீங்கள் நல்லவர்கள். எல்லோருடைய ரகசியத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். நான்தான் முதல் கடிதத்தில் முதல் வரியிலேயே யாருக்கும் காட்டாதீர்கள் என்று கெஞ்சினேன். அதனால் உங்களைத் திட்டவும் எனக்கு வழி இல்லை.

ஏழு மணிக்கு அப்பாவுக்குக் குளிர் வந்துவிட்டது. கட்டைப் பிரித்தேன். நாற்றம் தாங்கவில்லை. முழங்கால் வரைக்கும் சிவப்பு ஏறியிருக்கிறது. என்னைப் பார்த்து, "கர்ணா, தராசப் புடி" என்கிறார். அம்மாவிடம் போய்க் காலைப் பிடித்தேன். "அம்மா, கார் பிடிப்போம்மா." அவள் என் வாயைப் பொத்தினாள். கடைசி பஸ் போய்விட்டதால் மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் பெரியப்பா வீட்டில் தூங்குகிறார்கள், வைகுண்டராஜ் எங்கள் முன் அறையில் கட்டிலில் படுத்திருக்கிறார். "காலையில மொத பஸ்ஸுக்குப் போயிருவாக. அதுவரைக்கும் பொறு ஆத்தா. உங்கக்கா கழுத்த நெனச்சுப் பாரு." அவள் கெட்டவள் இல்லை சிஸ்டர். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டுக்கொண்டு, அவர் முனகும்போதெல்லாம் அந்தத் துணியாலேயே அவர் வாயை மூடுகிறாள்.

யாரிடமும் அனுமதி கேட்காதே என்று எழுதியிருந்தீர்கள். நான் ஓடிப்போய்த் தெருவில் கத்தலாம். கத்தினால் கார் வரும், அக்கா கல்யாணம் போகும். அப்பா பிழைத்தால்கூட என்னை மன்னிக்கமாட்டார். கத்தாமல் வேறு ஒன்று செய்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ராத்திரியில் தொண்டை வறண்டு நாலு தடவை விழிப்பு வரும். எழுந்ததும் தண்ணீர்ச் செம்பைத்தான் கை தேடும். இந்த வியாதி எல்லோருக்கும் அப்படித்தானே இருக்கும்? நீங்கள் அனுப்பியதில் உடையாத குழாய் ஒன்று மிச்சம். அதில் நீல மருந்தை ஊற்றி, தக்கை வைத்து மூடி, சத்தமில்லாமல் முன் அறைக்குப் போய் வைகுண்டராஜின் செம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். பக்கத்திலேயே சின்ன விளக்கும். அந்தக் குழாயை வெளியாள் பார்த்தால் மை என்று நினைப்பான். பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். வந்த வழியில் இந்த மூட்டை அறைக் கதவை இடுக்கில் வெளிச்சம் தெரிகிற மாதிரிச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவருக்குக் கோபம் வரலாம். குழாயை உடைத்துப் போட்டுவிட்டு விடிந்ததும் உறவே வேண்டாம் என்று போய்விடலாம். பார்த்தும் பார்க்காத மாதிரித் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் ஒருவேளை...

கட்டில் சத்தம் கேட்டது. செம்பு சத்தமும்.

இப்போது யாரோ நடந்து வருகிறார்கள். அப்பாவால் எழுந்திருக்க முடியாது. அம்மா என்றால் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். வாசல் பக்கம் போகவில்லை. இந்தப் பக்கம்தான் வருகிறார்கள். கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். மூச்சு கேட்கிறது.

தட்டுகிறார்கள் சிஸ்டர். மெதுவாகத்தான். இது விரலால் தட்டுகிற சத்தம் இல்லை. கண்ணாடி